அன்ஸாப் படமெடுத்த துளிகள்

உக்குவளையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஹமீமாவுக்கு அன்ஸாப் ஒரே தம்பி. ஜெர்மனியில் ஓர் ஆய்வுகூடத்தில் இருந்தான். கண்ணுக்கே தெரியாத நீர்த்துளிகளைக் கடுங்குளிரில் பீச்சிவிட்டு, பலத்த எக்ஸ்ரே லேசரால் அடித்துப் படமெடுப்பது அவன் வேலை. அடிபட்ட துளி சிதறிவிடும்; அதற்குள் படம் பதிந்துவிடும். தண்ணீர் என்றால் மங்கலான வளையம் விழும். உறைந்திருந்தால் வளையத்தில் கூரிய புள்ளிகள் தெரியும். கணினி தண்ணீர், உறைந்தது என்று பிரித்த படங்களில் கொஞ்சத்தை ஹமீமாவுக்கும் அனுப்பிச் சரிபார்க்கச் சொல்வான்.

"ராத்தா, இவ்வளவு குளிர்லயும் உறையாத துளி கிடைச்சிருக்கு! இதுவரைக்கும் யாரும் காணல்ல," என்று போன வருடம் போனில் கத்தினான்.

மூன்று வாரத்தில், சைக்கிளில் போனவனை லொறி மோதியது. ஜனாஸாவை அங்கேயே அடக்கினார்கள். உம்மா றமீஸா மகனின் கபுறைப் போன் திரையில்தான் பார்த்தார்.

அவன் பாதியில் விட்ட ஆய்வுக் கட்டுரையை முடிக்க முன்வந்த, அவனோடு வேலை செய்த கிளாரா, அந்த உறையாத துளிகளின் படங்களை ஹமீமாவுக்கு அனுப்பினாள். "நீங்களும் ஒருமுறை பார்த்தால் நல்லது," என்று எழுதியிருந்தாள்.

பாடசாலை விட்டு வந்து ஹமீமா தினமும் பார்த்தாள். நான்காம் நாள், அன்ஸாப் 'தண்ணீர்' என்று குறித்த படமொன்றின் ஓரத்தில் புள்ளி தெரிந்தது. வெளிச்சத்தைக் கூட்டினாள். புள்ளிதான். அடுத்த படத்திலும் இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தபோது, மிகக் கடுங்குளிரில் எடுத்தவை அத்தனையும் உறைந்த துளிகளாகவே இருந்தன.

மடிக்கணினியை மூடியவள் ஒரு கிழமை திறக்கவில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தம்பி கடைசியாகச் சந்தோஷப்பட்டது அந்தக் கண்டுபிடிப்புக்காகத்தான். எட்டாம் நாள் திறந்து, புள்ளி தெரிந்த படங்களின் இலக்கங்களைக் கிளாராவுக்கு எழுதி அனுப்பினாள்.

கிளாரா மறுபடி பார்த்துவிட்டு, ஹமீமா சொன்னதே சரி என்றாள். கட்டுரை சிறிதாக வந்தது. புதுக் கண்டுபிடிப்பு எதுவும் அதில் இல்லை.

"தம்பிட பேர் போட்டிருக்கா?" என்று உம்மா கேட்டார்.

"முதல் பேரே அவன்டதான், உம்மா. ஆனா அவன் கண்டுபுடிச்சது பிழை. நான்தான் காட்டிக் குடுத்தேன்."

உம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். "அவன் உசிரோட இருந்தா சொல்லாம விட்டிருப்பியா?"

"இல்ல. சொல்லியிருப்பேன். சண்டை புடிச்சிருப்பான். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பான்."

ஜனாஸா நாளில்கூட அழாதவள், உம்மாவின் மடியில் முகம் புதைத்துக் கதறினாள்.