புகைக்குள் போன பெண்

அது போன வருடத்துக்கு முந்தின தை மாதம். பட்டாபிராமில் ஒரு ஃபிளாட்டுக்கு நாங்கள் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வேப்பம்பட்டு தாண்டி உள்ளே, ஆபீஸ் தோழி ஒருத்தி வீடு கட்டி கிரகப்பிரவேசம் வைத்திருந்தாள். கணவர் ஊரில் இல்லை. ஏழு வயது மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு விடியும்போதே கிளம்பிவிட்டேன்.

வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்கியதும் பனி இறங்கியது. மரங்கள் பாதியில் நின்றன. கரண்ட் கம்பத்துக்கு அடியே இல்லை. "அம்மா, நாம மேகத்துக்குள்ள போறோமா?" என்றாள் மகள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கனவில் வண்டி ஓட்டுவதுபோல மெதுவாகப் போனேன்.

அடுத்த திருப்பத்தில் வெள்ளை சாம்பல் நிறமானது. மூக்கு எரிந்தது. அறுவடை முடிந்த வயலில் யாரோ முந்தின சாயங்காலம் வைக்கோலைக் கொளுத்தியிருந்தார்கள். அது விடிய விடியப் புகைந்து, பனியோடு சேர்ந்து ரோட்டை மூடிவிட்டது. என் கையே எனக்குத் தெரியவில்லை. வண்டியை நிறுத்தினேன். பின்னால் மகளுக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அவளுக்கு வீசிங் உண்டு.

"யாரும்மா அங்க? வண்டிய அங்கயே உட்டுட்டு இப்டி வா!"

பள்ளத்திலிருந்து ஒரு பெண் குரல். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குரல் வந்த பக்கம் இறங்கினேன். ஒரு கை என் தோளைப் பிடித்து வரப்பு வழியாக இழுத்துக்கொண்டு போனது. கொஞ்ச தூரத்தில் புகை மெலிந்தது. காற்று எங்கள் பக்கம் வீசவில்லை. புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும்.

பிள்ளையைக் கீழே உட்காரவைத்த பிறகுதான் உறைத்தது. இன்ஹேலர் இருந்த பை வண்டியிலேயே தொங்குகிறது. நான் எழுவதற்குள், "கொயந்தைய உடாத, நான் எட்தார்றேன்" என்று முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு அவள் புகைக்குள் போய்விட்டாள்.

அப்போதுதான் லாரி சத்தம் கேட்டது. ஹாரன். பிறகு தகரம் நசுங்கும் சத்தம். நான் கத்தினேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மகளின் முதுகைத் தடவிக்கொண்டே அந்தச் சாம்பல் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் இருமிக்கொண்டே வந்தாள். கையில் பை. "உன் வண்டி போச்சும்மா. இந்தா."

மருந்தை இழுத்ததும் மகளின் மூச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. வெயில் வந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்தது அவள் வயல். அதில் வைக்கோலைக் கொளுத்தாமல் பாய் விரித்ததுபோல் பரப்பியிருந்தாள். அதன் நடுவே உளுந்துச் செடிகள் எட்டிப் பார்த்தன. ஈர வைக்கோலிலிருந்து ஆவி எழும்பி எழும்பிக் கரைந்தது. ஒரு கொத்தை விலக்கினால் அடியில் கருத்த, குளிர்ந்த மண். மகள் ஒரு மண்புழுவைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

பக்கத்து வயல்காரன் ஓடிவந்தான். அவள் கொழுந்தன். லாரி டிரைவருக்கு ஒன்றுமில்லை என்றான். பிள்ளையைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அடுத்த நடவுக்கு நேரமில்லன்னு கொளுத்திட்டேன் அண்ணி. இப்டி ஆவும்னு நெனிக்கல."

"எத்தினி தபா சொன்னேன் நைனா? மண்ணுல போட்டா மண்ணு துன்னும். கொளுத்தினா வானத்துக்குத்தான் போவும். வானம் இப்பவே கொதிச்சிகினு கீது."

அவன் ஓடிப்போய் மோட்டாரைப் போட்டு, வாய்க்கால் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பினான். அணையும் நெருப்பின் சீறல் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த தையில் மகளோடு அவளைப் பார்க்கப் போனேன். கொழுந்தன் தன் வயலின் பாதியில், அறுத்த நெல்தாளைக் கொளுத்தாமல் மண்ணோடு மடக்கி உழுதிருந்தான். மீதிப் பாதி கருகித்தான் கிடந்தது. "பாதியாச்சும் கேட்டானே" என்று அவள் சிரித்தாள்.

யாரென்றே தெரியாத பிள்ளைக்காக ஒருத்தி கண் தெரியாத புகைக்குள் நடந்துபோனாள். மகள் தூங்கும்போது சீராக வரும் அந்த மூச்சைக் கேட்கும்போதெல்லாம், அதில் அந்தப் பெண்ணுக்கும் அவள் கொளுத்தாமல் விட்ட அந்த மண்ணுக்கும் பங்கு உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.