வேட்டிக் கட்டுக்குக் கீழே ஒரு புள்ளி

துஷி, கஜன், உங்கள் அப்பா நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். இந்த வருத்தம் (நோய்) வந்த வேறு வீடுகளுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வலி இல்லை, நிறம்தான் மாறியது. சிறுநீர், பால் விடாத வெறுந்தேத்தண்ணீர் போலச் சிவந்து போனது. பீட்ரூட் கறியால்தான் என்று இரண்டு கிழமை எனக்கே பொய் சொன்னேன். நீங்கள் யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

சிஸ்டோஸ்கோபி (சிறுநீர்ப் பாதையால் கமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்தார்கள். சிறுநீர்ப்பையில், நாங்கள் சலப்பை என்பதில், புற்றுநோய், தசைக்குள் இறங்கிவிட்டது. மருந்து ஏற்றிய பின் சிறுநீர்ப்பையையே எடுக்க வேண்டும், வயிற்றில் ஸ்டோமா (சிறுநீர் வெளியேற வைக்கும் சிறு வாசல்) வைத்து, அதன்மேல் ஒரு பை ஒட்ட வேண்டும் என்றார் டொக்டர்.

எத்தனை நாள் ஆஸ்பத்திரி வாட்டில், எப்போது வேலைக்குப் போகலாம் என்று நீங்கள் கேட்டீர்கள். என் கேள்வி வேறு. மேல்சட்டை கழற்றி, வேட்டியோடு கோயிலுக்குள் இனி நிற்க முடியுமா? கேட்க வெட்கப்பட்டேன்.

சத்திரசிகிச்சைக்கு முன் தாதி, ஸ்டோமாவுக்கு இடம் குறிக்க வந்தார். பெல்ட் எங்கே கட்டுவார் என்று சிங்களத்தில் கேட்டார். எனக்காகத் துஷி பதில் சொன்னாள். "தொப்புளுக்குக் கீழே, எப்பவும் ட்ரவுசர்தான்." தாதி பெல்டுக்கு மேலே பேனையால் புள்ளி வைத்தார்.

"மிஸ், அதிலதான் என்ரை வேட்டிக் கட்டு வரும்" என்றேன்.

"அப்பா! கான்சருக்கு வந்து வேட்டியைக் கதைக்கிறீங்களே!"

"வெட்டப்போறது என்ரை வயிறு, பிள்ளை. அவவுக்குச் சொல்லு."

துஷி சிங்களத்தில் சொன்னாள். தாதி சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தி, புள்ளியை அழித்தார். "நாளைக்கு வேட்டியைக் கொண்டு வாங்க, அங்கிள். நான்தான் முதலே கேட்டிருக்கணும்" என்று அவர் சொன்னதைத் துஷி தமிழில் சொன்னாள்.

மறுநாள் அங்கேயே கட்டிக் காட்டினேன். இருத்தினார், குனியவைத்தார். புதுப் புள்ளி, கட்டு அழுத்தாதபடி, இரண்டு விரற்கடை கீழே விழுந்தது.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஆறுவது லேசாக இருக்கவில்லை. பை ஒழுகிய நாளில் அழுதேன். இப்போது நேரம் மணிக்கூட்டில் இல்லை, பை நிரம்புவதில் இருக்கிறது. அவசரமாக எதையும் செய்வதில்லை.

கடைசி ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை உங்களோடு கோயிலுக்கு வந்தேன். வாசலில் சட்டையைக் கழற்றினேன். பை வேட்டிக்குள் அடங்கியிருந்தது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்காரரும் அங்கே நின்றார், கேட்டார்: "மெலிஞ்சு போனீங்களே, என்ன நடந்தது?"

"சலப்பையை எடுத்தாச்சு. நான் இருக்கிறன்!" என்றேன். மேளத்துக்கு மேலால் கேட்டிருக்கும். கஜன் வெட்கப்பட்டான், நான் படவில்லை.

வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பியதும் நீங்கள் கடைக்குப் போனீர்கள். நான் அறைக் கதவைச் சாத்தினேன். கையில் மிச்சமிருந்த திருநீற்றை, நெற்றிக்குப் பூசுவதுபோல, பைக்குச் சற்று மேலே மூன்று விரலால் இழுத்தேன்.