எங்க போறீக

எங்கள் அய்யாவுக்குச் சர்க்கரை வியாதி என்று முதலில் கண்டுபிடித்தது எறும்புதான். அவர் ஒண்ணுக்குப் போன இடமெல்லாம் மொய்த்துக் கிடக்கும். இராமநாதபுரத்து டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார். வண்டியை விட்டுவிட்டுத் தினமும் காலையில் கண்மாய்க்கரை வரை நடக்கவும் சொன்னார். நடக்காவிட்டால் காலுக்கே ஆபத்து என்று ஆத்தாவிடம் தனியாகச் சொல்லி அனுப்பினார்.

அய்யா அபிராமம் சந்தைக்குக்கூட வில்வண்டியில் போகிறவர். வேலையில்லாமல் ஒருவர் நடப்பதை எங்கள் பக்கத்தில் யாரும் கண்டதில்லை. முதல் நாள் அவர் படியிறங்கியதுமே எதிர்வீட்டு மாமா கேட்டார்: "என்ன மச்சான், எங்க போறீக?"

கிளம்புகிறவரை அப்படிக் கேட்டால் சகுனத்தடை. திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகவேண்டும். சந்தைக்கென்றால் அய்யா குடித்த கையோடு கிளம்பிவிடுவார். நடைக்கு மட்டும் அந்தத் தண்ணீர் பலிக்கவில்லை. "இன்னைக்கு வாய்க்கல, நாளைக்குப் பாப்போம்" என்று செருப்பைக் கழற்றிவிடுவார். மறுநாளும் யாராவது கேட்பார்கள்.

தெருவில் தலைநிமிர்ந்து பேசாத ஆத்தா, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். "அவுக வெளிய வந்தா ஒண்ணும் கேட்டுராதீக. காலு போயிருமாம்."

எதிர்வீட்டு அத்தை சிரித்தாள். "ஒம் புருசன் காலுக்கு எங்க வாயைக் கட்டணுமாக்கும்?" ஆனாலும் சரியென்றாள்.

அடுத்த நாள் தெருவே வாய் திறக்கவில்லை. மாமா வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அய்யா வாசலில் நின்றார். செருப்பில் மண்ணைத் தட்டினார். துண்டைத் தோள் மாற்றிப் போட்டார். பிறகு தெருவைக் கடந்து மாமாவிடமே போனார்.

"ஏன் மாப்ள, எங்க போறீகன்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

மாமாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி, எங்கதான் போறீக?"

"பாத்தீகளா, கேட்டுட்டீக" என்று அய்யா திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். தெரு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆத்தா அவர் முன்னால் செம்பை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

அடுத்த வருஷம் அவர் பெருவிரலில் முள் குத்திய புண் ஆறாமல் கறுத்தது. பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வீடு வந்தபிறகுதான் அய்யாவுக்கு நடக்கும் ஆசை வந்தது. விடிந்ததும் கட்டையை அக்குளில் கொடுத்துத் தெருவில் இறங்குவார். ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் நிற்பார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மாமா அவரைக் கண்டதும் உள்ளே போய்விடுவார். ஆத்தா அன்றைக்குக் கெஞ்சியது இப்போதுதான் எல்லாருக்கும் மண்டையில் ஏறியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, சந்தோஷமாகவே நான் பள்ளிக்கூடம் போனேன்.