இலந்தையா, வீரையா

போன கிழமை பல் வைத்தியரிடம் போய்விட்டுக் கார் நிற்கும் இடத்துக்கு வரும்போது காலடியில் ஏதோ நறநறவென்று நெரிந்தது. குனிந்து பார்த்தேன். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய, கருஞ்சிவப்புப் பழங்கள். பக்கத்தில் நின்ற மரத்தின் பட்டையைத் தடவினேன். சீமெந்தைக் குழைத்து அள்ளி எறிந்து காயவிட்டதுபோல முண்டும் முடிச்சும். மகன் தன் ஃபோனில் இலையைப் படமெடுத்து, "ஹக்பெரியாம் அம்மா" என்றுவிட்டுக் காருக்குள் ஏறிவிட்டான்.

அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லாமல் நான் எவ்வளவு காலம் பொத்திவைத்திருந்தேன் என்று அவனுக்குத் தெரியாது.

எண்பதுகளின் பிற்பகுதி. இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த புதிது; நகரத்தின் ஒரு அந்தத்தில், மல்வேர்னில், ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். என் கணவருக்குப் பகலில் தொழிற்சாலை, பின்னேரம் உணவகத்தில் கோப்பை கழுவுதல். "சாப்பிட்டியா?" "ஓம்." எங்கள் குடும்ப உரையாடல் அவ்வளவுதான். பகல் முழுக்க ஹீற்றர் டொக் டொக்கென்று தட்டும். அதற்கு நான் பதில் சொல்லத் தொடங்கியிருந்தேன். சிரிக்காதீர்கள், பேச ஆளில்லாவிட்டால் நீங்களும் சொல்லுவீர்கள்.

ஒருநாள் ஜன்னலால் பார்த்தேன். கீழே பஸ் தரிப்பில், ஆம்பிளைக் கோட்டும் நெற்றியில் பெரிய பொட்டுமாக ஒரு பெண் மரத்திலிருந்து பழம் பறித்து வாயில் போடுகிறா. செருப்போடு இறங்கி ஓடினேன். போய் நின்ற பிறகு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

"உது இலந்தையோ அக்கா?"

"இலந்தையெண்டா முள்ளெங்க கா? இது வீரை. எங்கட மட்டக்களப்புப் பக்கம் காட்டுல கிடக்கும்."

அவதான் யோகம் அக்கா. பின்னேர ஷிஃப்டுக்குப் போகிறவ. நான் எந்த பஸ்ஸிலும் ஏறுகிறவள் இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு தினமும் தரிப்பில் நின்றேன். காம்பிலிருந்து மூன்று நரம்பு ஓடுகிறது, ஆகவே இலந்தை என்பேன். இலையின் அடி ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிக் கோணலாக இருக்கிறது, ஆகவே வீரை என்பா.

"வீரை எப்பவும் பச்சையெல்லோ, இலை கொட்டுமோ அக்கா?"

"இஞ்ச வந்து நீயும் நானும் மாறல்லியா? மரம் மட்டும் மாறாதோ?"

பழம் என்னவோ பேரீச்சம்பழ ருசி. மெல்லிய தோல், உள்ளே முழுக்கக் கொட்டை. பனியிலும் சில பழங்கள் கொப்பில் தொங்கின. நாங்களும் கீழே நின்று நடுங்கிக்கொண்டே சண்டை பிடித்தோம்.

ஒருநாள் நூலகத்தில் மரப் புத்தகமொன்றைப் புரட்டினேன். கோணல் அடி, மூன்று நரம்பு, முண்டுப் பட்டை எல்லாம் படத்தோடு இருந்தன. இலந்தையுமில்லை, வீரையுமில்லை; மேலே வேறொரு பெயர். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வந்தேன். அடுத்த நாளும், "இலந்தைதான் அக்கா" என்றேன். வழக்குத் தீர்ந்தால் அந்தக் குளிரில் என்னோடு நிற்க அவவுக்கு வேறென்ன காரணம்? எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த வசந்தத்தில் அவவின் கணவருக்கு ரெக்ஸ்டேலில் வேலை கிடைத்தது. நகரத்தின் மற்ற அந்தம். கடைசி நாள், சந்தியில் பஸ் திரும்புவது தெரிந்ததும் என் கையைப் பிடித்தா.

"இது ஹக்பெரியாம் புள்ள. மகள் பள்ளிக்கூடத்துல கேட்டுட்டு வந்து சொன்னவள். நாம சந்திச்ச முதல் கிழமையே."

"பிறகேன் அக்கா சொல்லேல்ல?"

"சொன்னா, மறுகா நீ ஏன் கா வாறாய்?"

பஸ் வந்துவிட்டது. நான் வாய் திறக்க முதல் அவ ஏறிவிட்டா. கையை மட்டும் ஆட்டினேன்.

பிறகு நாங்களும் மில்லிக்கனுக்கு வீடு மாறினோம். அவ தந்த ரெலிபோன் நம்பரில் வேறு யாரோ எடுத்தார்கள். தரிப்பை அகலப்படுத்தி மரத்தையும் வெட்டிவிட்டார்கள். இன்று மல்வேர்னில் இறங்கினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தமிழ் கேட்கிறது. ரெக்ஸ்டேல் பக்கத்துக் கல்யாணங்களில் பெரிய பொட்டு வைத்த வயதான முகங்களைக் கண்டால் கிட்டப் போய்ப் பார்ப்பேன். "எனக்கும் அப்பவே தெரியும் அக்கா" என்று சொல்ல, இன்னும் அவ அகப்படவில்லை.