இடக் கண் மில்லர்புரத்தில், வலக் கண் கீழவைப்பாரில்

காலை 6.40. ரயில் தூத்துக்குடி வந்து சேர்ந்தது. மில்லர்புரத்துக்கு ஆட்டோ 120 ரூபாய் என்றார்கள். எனக்குப் பேரம் பேச வராது, ஏறிக்கொண்டேன். பழைய படச்சுருள்களைத் தேடிப் பாதுகாப்பது என் வேலை. ஜெரால்டு என்பவர் அனுப்பிய ஒரு தகர டப்பாவின் போட்டோதான் என்னைச் சென்னையிலிருந்து கிளப்பியது. மூடியில் வெள்ளைப் பெயின்டில் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து.

7.15. ஜெரால்டு துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவத்துக்குப் படமெடுக்க வந்த குழு ஒன்று, அவர் மனைவி ரெஜினாவின் தாத்தா வீட்டில் தங்கியதாம். சங்கு குளிக்கும் தோணியைப் படம் பிடித்துவிட்டு, இரண்டு டப்பாக்களை விட்டுப் போனார்களாம்.

“ஒரே படம், ரெண்டு காப்பி. சொத்து பிரிக்கையில இவளுக்கு ஒண்ணு, இவ தம்பி சேவியருக்கு ஒண்ணு” என்றார் ஜெரால்டு.

மூடியில் இருந்த ‘எல்’, லெஃப்ட் என்பதன் முதல் எழுத்து. அவை காப்பிகள் அல்ல. ஒன்று இடக் கண்ணுக்கு, மற்றது வலக் கண்ணுக்கு. சேர்த்துப் பார்த்தால்தான் முப்பரிமாணம். அந்தக் காலத்திலேயே இங்கே அப்படி எடுத்தார்கள் என்றால் எங்கள் ஆபீசில் சிரிப்பார்கள். ஒன்று மட்டும் கிடைத்தால் அது நூற்றோடு நூற்றொன்று.

“சேவியர் வீட்டுக்குப் போவோம் சார்” என்றேன்.

“நீங்க போங்க. நான் வரல.”

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, நான் பிடித்த வாடகைக் காரில் ரெஜினா உட்கார்ந்தார். வழியில் விஷயத்தைச் சொன்னார். ஏழு வருஷமாகப் பேச்சு இல்லை. மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமனை நேரில் போய் அழைக்காமல், ஜெரால்டு வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்பிவிட்டாராம்.

“வேல மும்முரத்துல அப்படிச் செஞ்சிட்டாவ. தம்பி கல்யாணத்துக்கே வரல.”

10.20. கீழவைப்பார், 32 கிலோமீட்டர். சேவியர் அக்காவுக்குக் காப்பி கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். டப்பாவை மட்டும் கொடுக்கவில்லை.

“அத்தான் நேர்ல வந்து கேக்கட்டும்.”

நான் கெஞ்சினேன். பார்க்க மட்டும் சம்மதித்தார். இரண்டு சுருள்களிலும் ஒத்த பிரேம்களைத் தேடி எடுத்து, நான் கொண்டுபோயிருந்த இரண்டு லென்ஸ் உள்ள பார்வைப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். தோணி எழுந்து முன்னால் வந்தது. அதில் ஆறு பேர். ஐந்து பேர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கயிற்றைப் பிடித்திருப்பவர் மட்டும் குனிந்து தண்ணீரைப் பார்க்கிறார்.

அடுத்து ரெஜினா பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

“தாத்தா தண்ணிக்குள்ள இருக்காவ. கயித்தப் பிடிச்சிருக்கது அவியளுக்கு மச்சினன். முங்குறவிய, தன்னைத் தூக்குற கயித்தப் பொண்டாட்டி கூடப் பொறந்தவன் கையிலதான் குடுப்பாவ தம்பி. அக்கா தாலிய நெனச்சாவது கண்ண எடுக்க மாட்டாம்லா.”

சேவியர் பெட்டியில் கண்ணை வைத்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு தன் டப்பாவை மூடி அக்காவிடம் நீட்டினார்.

“அத்தானும் பாக்கட்டும்.”

பிற்பகல் 2.30. மில்லர்புரத்தில் ஜெரால்டும் பார்த்தார். கயிற்றைப் பிடித்திருப்பது யார் என்று கேட்டார். ரெஜினா சொன்னார். ஜெரால்டு பீரோவைத் திறந்து, அடியில் கிடந்த கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். என் ரயிலுக்கு நேரம் இருந்தது. வாடகைக் காரை அவருக்கே விட்டுக்கொடுத்தேன்.

“கல்யாணப் பொண்ணோட மூத்தவன் ஒண்ணாங் கிளாஸ் போறான்” என்று ரெஜினா சிரித்தார்.

“இருக்கட்டும். தாய்மாமன நேர்ல போய்க் கூப்பிடணும்லா” என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஜெரால்டு காரில் ஏறினார்.