அம்மா எடுத்து வைத்த நீலச் சீலை

நாலு வருடங்களுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை. அம்மாவும் நானும் சுருவிலில் இருந்து நயினாதீவுக் கோயிலுக்குப் புறப்பட்டோம். குறிகாட்டுவானில் படகு ஏறியதுமே எனக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது. எதிர் வாங்குப் பலகையில் ஒரு நடுத்தர வயது ஆள் போனை நெஞ்சுக்கு நேரே நிமிர்த்திப் பிடித்திருந்தார். கடலைப் படம் எடுப்பவர் கடல் பக்கம் அல்லவா பிடிக்க வேண்டும்? அது என் பக்கமே இருந்தது.

லைஃப் ஜக்கெட்டைக் கழுத்துவரை இழுத்துக் கட்டினேன். அவருக்குப் பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத மனுசி ஒருவர் சிரித்தபடி, "அதைக் கழட்டி வையும் பிள்ளை, புழுங்கப்போகுது" என்றார். கடலில் போகிறவளுக்கு இதென்ன புத்திமதி? அம்மாவும் சீலை கசங்குது, கழட்டு என்று ஒத்துப் பாடினார். நான் கழட்டவில்லை.

இறங்கிக் கோயிலுக்கு நடந்தபோது அந்த ஆள் பின்னாலேயே வந்தார். நான் மெதுவாக நடந்தால் அவரும் மெதுவாக நடந்தார். எனக்கு முதுகு கூசியது. சட்டென்று திரும்பிப் போய் அவருடைய போனை எட்டிப் பார்த்தேன். திரையில் குளிர்ச்சட்டை போட்ட ஒரு குடும்பம் சோபாவில் இருந்தது, நடுவில் ஒரு இளைஞன். போனுக்குள் இருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"ஆள் கொஞ்சம் மொத்தம் போல கிடக்கு. பக்கவாட்டில ஒருக்காக் காட்டுங்கோ."

அது என்னைப் பற்றித்தான், நான் குண்டு என்கிறார்கள் என்று விளங்கக் கொஞ்ச நேரம் சென்றது. அந்த மனுசி அம்மாவிடம், பிள்ளைக்குச் சொல்லவில்லையா என்று கேட்டார். அம்மா என் சீலை மடிப்பைச் சரிசெய்யத் தொடங்கினார். காலையில் அவரே நீலச் சீலையை எடுத்து வைத்து, இது உனக்கு வடிவு என்று சொன்னது அப்போதுதான் உறைத்தது. பெண்ணுக்குச் சொல்லாமல் கோயிலில் வைத்துப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். மாட்டைக்கூட அதற்கு முன்னால் நின்றுதான் பார்க்கிறார்கள்.

சம்பந்தம் சரிவரவில்லை. ஆனால் அந்தக் குரல் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. இரவுச் சாப்பாட்டை விட்டேன். அலுமாரிக் கண்ணாடியில் பக்கவாட்டாகத் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். பஸ்ஸில் யாராவது போனை எடுத்தால் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வேன். கந்தோரில் ஒருநாள் மயங்கி விழுந்த பிறகுதான், கூட வேலை செய்யும் அக்கா என்னை மனநல டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். தேறி வர ஒரு வருடத்துக்கு மேல் சென்றது.

அந்த நாட்களில் அம்மாவோடு பெரிய சண்டை. கடைசியில் அவர் சொன்னார்: "என்னையும் கிணத்தடியில வைச்சு இப்பிடித்தான் பாத்தவை. அண்டைய நாளில இருந்து அங்க நிண்டு குளிக்க எனக்குக் கூச்சம்."

என் கோபத்தில் பாதி அத்தோடு போய்விட்டது.

இப்போது வயிறாரச் சாப்பிடுகிறேன். கண்ணாடி முன் நேராகத்தான் நிற்கிறேன். ஆனாலும் அம்மா, "இந்தச் சீலை உனக்கு வடிவு" என்று சொன்னால், வாசல் படலையில் யாராவது நிற்கிறார்களா என்று முதலில் எட்டிப் பார்க்கிறேன். பெற்ற தாய் சொல்லும் அந்த ஒரு சொல்லையும் நம்ப முடியாமல் போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.