ஒரு டிரம் வெயில்

மாசி, பங்குனி வெயிலை ஒரு நீல டிரம்முக்குள் அடைத்து வைத்திருந்தேன். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் சின்னப் பொட்டலம் கிடக்குமே, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணி, அதேதான், மூட்டைக் கணக்கில். வெயிலில் காய்ந்தால் ஈரத்தைக் கக்கிவிடும். காற்றுப் புகாமல் மூடினால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். ஆடிக் குளிரில் எங்கள் மஸ்கெலியா மலையின் ஈரக்காற்றைச் சிறு விசிறியால் உள்ளே ஊதினால் போதும். ஈரத்தைக் குடித்துச் சூட்டைத் திருப்பித் தரும். புகையே கிடையாது!

அக்காவின் குழந்தை குறைமாதம். நெஞ்சில் சளி. அடுப்புப் புகை ஆகவே ஆகாது என்றார் டொக்டர். தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் அடுப்பை விட்டால் வேறு சூடு ஏது? கடும் குளிர் நாட்களில் தொட்டில் மூலையாவது சூடாக இருக்கட்டும் என்றுதான் இத்தனை பாடும்.

லயத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே தகரக் கூரை. எங்கள் பக்கம் போதாமல் பக்கத்து வீட்டு மாமாவின் தலைக்கு மேலும் மணி காயும் தட்டுகளைப் பரப்பினேன். தினமும் ஏறி மிதித்ததில் ஆணிகள் தளர்ந்தது எனக்குத் தெரியவில்லை. மழை பிடித்ததும் அவருக்குத் தெரிந்தது.

கதவை உதைத்துத் திறந்தார். ஒரு கையில் மம்பட்டி. மறுகையில், ஒழுகிய தண்ணீர் நிறைந்த வாளி.

"எங்கடா அந்த விஞ்ஞானி? என் கூரைய ஓட்டையாக்கிட்டு இங்க வெயில் சேக்குறியோ?"

"மாமா, அத மட்டும் தொடாதீங்க. புள்ளைக்கு வச்சிருக்கேன்!"

முதல் அடியில் மூடி பிளந்தது. "இந்தா, ஒன் வெயிலுக்குத் தண்ணி!" வாளியைக் கவிழ்த்தார்.

மணிகள் சடசடவென்று வெடித்துச் சிதறின. ஆவி கிளம்பியது. நான் அவர் வாயில் குத்தினேன். அவர் என் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினார். அவருக்கு உதடு கிழிந்தது, எனக்கு மூக்கு உடைந்தது.

"பாவிங்களா, வெளிய போயி வெட்டிக்கிட்டுச் சாவுங்க!" என்று கத்திய அக்கா, கொதிக்கும் டிரம்மின் அருகே குழந்தையோடு உட்கார்ந்தாள். இருக்கிற சூடாவது அதற்குக் கிடைக்கட்டும் என்று.

பொழுது சாயுமுன் டிரம் ஆறிவிட்டது. மணியெல்லாம் நொறுங்கிச் சேறாகிக் கிடந்தது. அக்கா வேறு வழியின்றி அடுப்பை மூட்டினாள். குழந்தை இருமியது, நிறுத்தவே இல்லை.

கூரை வரை எட்டாத நடுச்சுவருக்கு அப்பாலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"மகளே, புள்ளைய இங்கிட்டு கொண்டாந்துரு. எங்க அடுப்புல தண்ணி ஊத்திட்டேன். மாமி மடியில போட்டுக்கிருவா."

அக்கா குழந்தையைச் சேலைக்குள் சுற்றிக்கொண்டு எழுந்தாள். என்னைப் பார்க்காமலே வெளியேறினாள்.